இலைக்கடைத் தெருவில் பதினோரு பேர்

ஆகஸ்ட் 5, திங்கள்

இலைக்கடைத் தெரு மாதிரிச் சாலை இன்று திறப்பு. சேர்மன் ரிப்பன் வெட்டினார். கத்தரிக்கோல் மொக்கை. மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையாலேயே பிய்த்தார். பேசியவர்கள் ஆறு பேர். ஒருவர் வாயிலும் நெல்லைநாயகம் என்கிற உதவிப் பொறியாளரின் பெயர் வரவில்லை. வராவிட்டால் போகிறது, வரைந்தவன் நான்தானே. எழுநூறு மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் நடைபாதை, நடுவில் முழங்கால் உயரத்துக்கு டிவைடர், அதன்மேல் அரளிச் செடி. பள்ளிவாசல் முக்கிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஓர் இடத்திலும் இடைவெளி இல்லாமல் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. இந்த நகராட்சிக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருஷத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். மே மாதம் ஓய்வு. இதோடு போதும்.

பொறியாளர் ஜெபசிங் சார் மட்டும் தோளில் தட்டி, "அண்ணாச்சி, ஃபாரின் மாதிரில்லா இருக்கு" என்றார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். எனக்கு மேலதிகாரி.

வீட்டுக்கு வந்து மனைவி ஆவுடையிடம் விழா லட்டைக் கொடுத்தேன். "நடுவுல சுவரு எழுப்பிட்டியளாமே?" என்று கேட்டாள். டிவைடர் என்றேன். "ஏதோ ஒண்ணு" என்று லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். இவளிடம் ஒரு பாராட்டு வாங்குவதற்குள் எனக்கு உயிரே போய்விடும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அரளிக்குத் தண்ணீர் விட லாரி வரவில்லை. டிரைவருக்கு நான்கு தடவை போன். எடுத்தால்தானே.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஊரே அடைப்பு. இங்கே வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து பீடிக் கம்பெனி வரை எல்லாம் திறந்திருக்கும். வந்த புதிதில் இது தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு காய் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். இப்போது வியாழக்கிழமையே வாங்கி வைத்துவிடுகிறோம். இந்த வாரம் தேங்காயை மறந்துவிட்டேன். இட்லிக்குப் பொடிதான்.

அலுவலகம் விட்டு வரும்போது இலைக்கடைத் தெரு வழியாக வந்தேன். ஈ காக்கை இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக டிவைடர் கடைசிவரை தெரிந்தது. கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகு.

ஆகஸ்ட் 12, திங்கள்

அலுவலகத்துக்கு இன்று பெண்கள் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள். முன்னால் நின்றவள் மைமூன் பீவி. நாற்பது வயதிருக்கும், கறுப்புப் புர்கா, கையில் ஒரு சுளவு, பீடி சுற்ற மடியில் வைத்துக்கொள்கிற முறம். மனு கொடுக்க வருகிறவள் சுளவை எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று எரிச்சலாக இருந்தது.

"தெக்க எங்க வீடு சார். வடக்க பீடிக் கம்பெனி. காலைல ஒம்பது மணிக்குத் தெறந்தா பதினொண்ணுக்குக் கதவ அடைச்சிருவான். அதுக்குள்ள சுத்துன பீடியக் குடுத்துட்டு, இலையும் தூளும் வாங்கியாவணும். இத்தன வருசமா நேர குறுக்க நடந்து போனோம். இப்ப நடுவுல மலையக் கட்டி வச்சிருக்கிய."

"பள்ளிவாசல் முக்கு வழியா சுத்திப் போங்கம்மா" என்றேன்.

"சுத்தலாம். அடுப்புல ஒலைய வச்சிட்டு வாறோம், தொட்டில்ல புள்ளையப் போட்டுட்டு வாறோம். நீங்க சுத்துவியளா சார்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சுளவை என் மேஜைமேல், கோப்புகளுக்கு மேலேயே வைத்தாள். "இந்தா, இந்த அகலத்துக்கு ஒரு வழி விடுங்க. போதும். ஒருத்தி பின்னால ஒருத்தி போயிக்கிடுதோம்."

சாலை என்றால் அவரவர் இஷ்டத்துக்கு வரைவதில்லை, குறுக்கே எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் வரைவது என்று விளக்கினேன்.

"எண்ணுனியளா? எங்களையா? எப்ப சார் எண்ணுனிய, நாங்க பாக்கலியே?"

நீங்கள் பார்க்கிற மாதிரியா எண்ணுவார்கள் என்றேன். அதற்கும் சிரித்தாள். நல்ல சிரிப்பு, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரிப்பு. மேலே எழுதித் தருகிறேன் என்று சொல்லி மனுவை வாங்கிக்கொண்டேன்.

கணக்கெடுப்பு விதிப்படி அரசு வேலைநாளில்தான் எடுக்கப்பட்டது. காலை ஒன்பதிலிருந்து பத்து வரை. குறுக்கே கடந்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேருக்காக டிவைடரை உடைக்க முடியாது. இதை இங்கே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

ஆவுடை முட்டு வலிக்குத் தைலம் வாங்க இலைக்கடைத் தெரு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். ஆட்டோக்காரன் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டிருக்கிறான். டிவைடரில் காலைத் தூக்கி வைக்க முடியாமல், மறுபடி ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து வாங்கியிருக்கிறாள். அந்தக் கோபம் ராத்திரிச் சாப்பாட்டில் தெரிந்தது.

"கடையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். நூறு பேருக்கு மேல அந்தச் சுவத்துல ஏறி எறங்கிட்டாளுவ. கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்திய ரெண்டு பேரு கையப் பிடிச்சி எறக்கி விடுதாவ. பாக்கவே பதறுது. ஏங்க, நீங்க எந்தக் கிழமையில எண்ணுனிய?"

தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கழுவ வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டிவைடரின் இரண்டு பக்கமும் யாரோ இரண்டிரண்டு ஹாலோபிளாக் கல்லைப் போட்டுப் படி மாதிரி வைத்திருக்கிறார்கள். வண்டி மோதினால் யார் பதில் சொல்வது? லாரி வைத்து அள்ளச் சொன்னேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மறுபடியும் கல்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அள்ளியாயிற்று. நானே பக்கத்தில் நின்று அள்ள வைத்தேன். வாசல்களில் பெண்கள் மடியில் சுளவை வைத்துச் சுற்றிக்கொண்டே பார்த்தார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசிவிட்டு வந்திருப்பேன்.

காயும் தேங்காயும் மறக்காமல் வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தொட்டி கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

பரணில் பழைய ஊர் வரைபடங்கள் கிடைத்தன. இதற்கு முன் வேலை பார்த்த ஊரில் பைபாஸ் ஓரமாக நான் போட்ட சாலை. அதே அறுபதடி அகலம், அதே டிவைடர், அதே அரளி. இலைக்கடைத் தெருவுக்கு அந்தத் தாளைத்தான் எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றினேன். இதில் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் மில் காம்பவுண்டுச் சுவர். குறுக்கே கடக்க அங்கே ஆளே கிடையாது. இங்கே ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் அவர்களுடைய சோறு. தெரு என்றால் அகலம்தான் என்று முப்பத்து நான்கு வருஷம் நினைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, சனி

காலை ஒன்பது மணிக்கு ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு மருந்துக் கடை வாசலில் போய் நின்றேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன்.

ஐந்து நிமிஷத்தில் கோடு போட்டு மாளவில்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு, புர்காவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை டிவைடரில் ஊன்றி ஏறுகிறார்கள். வயதானவர்கள் முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கிப் போட்டுத் திரும்பி இறங்குகிறார்கள். அரளிச் செடி அங்கே மட்டும் பத்தடிக்கு மொட்டை.

மைமூன் பார்த்துவிட்டாள். "ஏ, எல்லாரும் சீலய நல்லா உடுத்திட்டு வாங்கடி, சார் நம்மள எண்ணுதாவ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். பிறகு என்னிடம், "ஏறும்போது எண்ணுதியளா சார், எறங்கும்போதா?"

கடக்கிறவர்களை ஒரு தடவைதான் எண்ணுவது என்றேன்.

"ரெண்டு தடவையும் எண்ணுங்க. முட்டு ரெண்டு தடவையும்தான வலிக்கி."

பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு டீ வந்தது. ஒரு பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். முன்னூற்றுப் பதினெட்டு பேர், ஒரே மணி நேரத்தில். போகும்போது மைமூன், "வழி விட்டிருவாங்கல்லா சார்?" என்று கேட்டாள். விட்டுவிடுவார்கள் என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

தாளை ஜெபசிங் சாரிடம் கொடுத்தேன். பார்த்தார். கோப்பை எடுத்து வரச் சொன்னார். பழைய கணக்கெடுப்புத் தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போனில் காலண்டரைத் தட்டினார்.

"பழைய தாளு பிப்ரவரி ஒம்பது போட்டிருக்கு அண்ணாச்சி. அது வெள்ளிக்கிழமைல்லா."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்த ஊர்ல வெள்ளிக்கிழமையா போயி எண்ணுனிய?"

அன்றைக்குத் தெருவில் கூட்டம் இருக்காது, டேப் பிடிக்க வசதி, அளவையும் எண்ணிக்கையையும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று போனேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார். "கேளுங்க. இந்தத் தாளு மேல போச்சுன்னா உங்களுக்குப் பதினேழு-பி சார்ஜ் மெமோ வரும். விசாரணை முடியற வரைக்கும் ரிட்டயராகவே விடமாட்டாங்க. அதுல கையெழுத்துப் போட்ட நானும் மாட்டுவேன். எனக்கு ரெண்டு பொண்ணு அண்ணாச்சி. இப்ப என்ன பிரச்னை? ஏறுதாங்க, அவ்வளவுதான? ஏற முடியாம பண்ணிருங்க. மேல இரும்பு கிரில் போடுவோம். பத்து நாளு சுத்திப் போவாங்க, அப்புறம் பழகிரும்."

கெட்ட மனிதர் இல்லை. என் மகன் படிப்புக்கு அலைந்து திரிந்து உதவியவர். தாளை அவரே மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டார். அது இப்போது இந்த டைரியின் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 4, புதன்

கிரில் வரைந்தேன். மூன்றடி உயரம். மேலே ஈட்டி முனை, ஆறங்குலத்துக்கு ஒன்று. அழகுக்காக.

செப்டம்பர் 5, வியாழன்

அழகுக்காக இல்லை. ஏறக் கூடாது என்றுதான்.

செப்டம்பர் 11, புதன்

கிரில் பொருத்தி முடித்தார்கள். நான் போயிருக்கவே கூடாது. அளவு சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று போய்த் தொலைந்தேன்.

மைமூன் மட்டும் வந்தாள். ஈட்டி முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வழி விடப்போறாவன்னு வீடு வீடா போயி சொல்லிட்டேன் சார். இப்ப எல்லாரும் என்னய ஏசுதாளுவ."

மேலிடத்து உத்தரவு என்றேன்.

"உங்கள மீறி நடக்கு. நீங்க என்ன செய்விய, பாவம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். பாவம் என்று என்னைத்தான் சொன்னாள்.

மாவு அரைக்கிற கிரைண்டரின் பெல்ட் அறுந்துவிட்டது. நாளை மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 18, புதன்

மைமூன் பீவி. காலை பத்தே முக்கால். மினி பஸ். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

நடந்தது இதுதான். கம்பெனிக் கதவை அடைக்கக் கால் மணி நேரம் இருந்திருக்கிறது. சுற்றிப் போனால் எட்டாது. பையை கிரிலுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் போட்டிருக்கிறாள். பிறகு ஏறியிருக்கிறாள். இறங்கும்போது புர்கா ஈட்டி முனையில் மாட்டிக்கொண்டது. தலைகீழாக ரோட்டில் விழுந்து வலது கையை ஊன்றியிருக்கிறாள். மினி பஸ் பிரேக் போட்டும் முன் சக்கரம் கைமேல் ஏறிவிட்டது.

டிரைவரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

நான் எண்ணியது வெள்ளிக்கிழமை. ஊரே அடைத்துக் கிடக்கும் என்று தெரிந்துதான் போனேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது, வியாழக்கிழமைதோறும் தேங்காய் வாங்கி வைக்கிறவன் நான். இதை எழுதிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். ஒரு மண்ணும் ஆகவில்லை.

செப்டம்பர் 21, சனி

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆவுடை ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தனுப்பினாள். தானும் வருகிறேன் என்றவளை வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அங்கே வந்து எந்தக் கிழமை என்று கேட்டுவிடுவாளோ என்று பயம்.

வலது கை முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். படுத்திரும்மா என்றேன்.

"அஞ்சுல மூணு போச்சு சார். மிச்சத்த வச்சிச் சோறு திங்கலாம், அல்லா காப்பாத்திட்டான். பீடிதான் சுத்த முடியாது." பிறகு, "ஒம்பது வயசுல சுளவ மடியில வச்சது. இனி மடியில என்னத்த வைக்க?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

இப்போது சொல்லிவிடலாம், இந்த நிமிஷமே காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று இருந்தது. அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு உதவி செய்யணும் சார். அந்த பஸ்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. அவரு பிரேக் அடிச்சாரு, நாந்தான் முன்னால விழுந்தேன். அவருக்கும் புள்ளைய இருக்காம், பொஞ்சாதி இங்க வந்து அழுதிட்டுப் போறா. அந்த எடத்துல நாங்க தெனமும் கடக்கோம்னு நீங்க எழுதிக் குடுத்தா அவர விட்டிருவாகளாம். நீங்கதான எங்கள எண்ணுனிய? உங்ககிட்டதான கணக்கு இருக்கு?"

இருக்கிறது என்றேன். ஆரஞ்சை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு கையால் அதை எப்படி உரிப்பாள் என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது. திரும்பிப் போகவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

போலீஸிலிருந்து கடிதம். விபத்து நடந்த இடம் பற்றி நகராட்சி அறிக்கை தர வேண்டும். கூடவே ஒரு படிவம். எட்டு கேள்வி. சாலையின் அகலம், தடுப்பின் உயரம், தெரு விளக்கு உண்டா, இல்லையா. ஆறாவது கேள்வி: அவ்விடத்தில் ஒரு மணி நேரத்தில் சாலையைக் கடப்போர் எண்ணிக்கை.

டைரியை அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். உள்ளே தாள் இருந்தது. முன்னூற்றுப் பதினெட்டு கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டிப் போட்டது. ஒரு மூலையில் அவர்கள் கொடுத்த டீயின் கறை.

ஜெபசிங் சார் உள்ளே வரவில்லை. கதவருகில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாவது கேள்விக்குப் பதினொன்று என்று எழுதினேன். எண்ணால் எழுதினேன், அடைப்புக்குறிக்குள் எழுத்தாலும் எழுதினேன். கடைசியில் 'பாதசாரியின் கவனக்குறைவு மற்றும் ஓட்டுநரின் அதிவேகம்' என்று ஜெபசிங் சார் அனுப்பிய வாசகத்தையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 25, புதன்

ஆவுடை சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 30, திங்கள்

கிரிலை இன்னும் ஓரடி உயர்த்த உத்தரவு. என் அறிக்கையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

அக்டோபர் 4, வெள்ளி

காலையில் கிளம்பி இலைக்கடைத் தெருவுக்குப் போனேன். கையில் தாளும் பேனாவும் இருந்தன. மருந்துக் கடை பூட்டியிருந்தது. அதன் வாசலில் நின்றேன். கடைகள் எல்லாம் அடைப்பு, வீடுகளில் கதவு சாத்தியிருந்தது, வண்டி ஒன்றுமில்லை. நான் வரைந்த தாளில் இருந்த மாதிரியே இருந்தது தெரு. இந்தத் தெருவுக்கு என் சாலை வாரத்தில் ஒரு நாள் பொருந்துகிறது.

ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து மைமூன் நடந்து வந்தாள். கையில் புதுக் கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு எதிர்ப்பக்கம் இறங்கி, முழுத் தூரமும் சுற்றி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. என்னையும் என் கையிலிருந்த தாளையும் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது.

"மறுபடியும் எண்ண வந்துட்டியளா சார்? அன்னைக்கு எழுதிக் குடுத்தியளே, பஸ்காரர விட்டிருவாகல்லா?"

தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அவள் வெறும் தெருவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, வழி தெரியாமல் வந்து நிற்கிற அசலூர்க்காரனுக்குச் சொல்கிற மாதிரி, அவ்வளவு தன்மையாகச் சொன்னாள்:

"இன்னைக்கு எண்ணாதிய சார். இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா, ஒருத்தரும் வரமாட்டாவ. நீங்க எண்ணுற கணக்கு தப்பாப் போயிரும். நாளைக்கு வாங்க, நானும் கூட வந்து நிக்கேன்."

சரிம்மா என்றேன்.

நாளைக் காலை கேஸ் சிலிண்டர் வருகிறது. வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.